முதல் வரிசைக்காரி

இடது கை தோளுக்கு மேல் ஏறவில்லை. பனியன் போட, வலது கையால் அதைத் தூக்கி உள்ளே விட வேண்டியிருந்தது. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே கட்டைவிரல் அகலத்தில் ஒரு இடம் ராத்திரி முழுக்கப் பல்வலி மாதிரி தெறித்தது. நந்தினி ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து ஆறு நாள். ஆறு நாளும் படுத்தால் எழ முடியவில்லை, எழுந்தால் படுக்க முடியவில்லை.

அம்மா ஜெயம்மா வேப்பெண்ணெயைக் காய்ச்சி எடுத்து வந்தாள். பழவேற்காடு மார்க்கெட்டில் கூடை இறக்கி இறால் விற்கிறவள். உள்ளங்கை உப்புத்தாள் மாதிரி இருந்தது.

"இன்னாடி இது, கழுத்து எங்க முடியுது, தோள் எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியல. காது வேற பணியாரமாட்டம் வீங்கிகீது. உன்ன எவன் கட்டுவான்?"

"கட்டறவனத் தூக்கிப் போடத் தோள் ஓணும்மா."

"வாய் மட்டும் நல்லா ஆடுது. கைதான் ஆடல."

தோள் இப்படி ஆனது ரக்பியில். அந்த ஆட்டத்தில் ஸ்க்ரம் என்று ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் எட்டெட்டுப் பேர் ஒருவரையொருவர் பிடித்துக் குனிந்து, தலையைக் கோத்து, முட்டித் தள்ள வேண்டும். முதல் வரிசையில் மூன்று பேர். நந்தினி சட்டை எண் ஒன்று, முதல் வரிசையின் இடது ஓரம். பின்னால் நிற்கும் ஐந்து பேரின் பாரமும் எதிரே இருக்கிறவளின் பாரமும் வந்து சேர்கிற இடம் முதல் வரிசைக்காரியின் கழுத்துதான்.

பொன்னேரியில் காலேஜ் படிக்கும்போது, ஓடத் தெரிந்தவள் வேண்டாம், தள்ளத் தெரிந்தவள் வேண்டும் என்று ஆள் தேடினார்கள். சேற்றில் மாட்டிய படகைப் பன்னிரண்டு வயதிலிருந்து நைனாவோடு தள்ளியவள் நந்தினி. போய் நின்றாள். ஆறு வருடம் மாநில அணி. இந்தியாவுக்கு இரண்டு ஆட்டம். அந்த நீலச் சட்டை ட்ரங்குப் பெட்டியில் இருக்கிறது. வேலை வரும் என்றார்கள், வரவில்லை. வேலை செய்துகொண்டே ஊர் சுற்றலாம் என்று ஆஸ்திரேலியா ஒரு விசா கொடுத்தது, அதுவும் சீட்டுக் குலுக்கிப் போட்டு. ஏரியில் வலை கட்டும் முறைக்குச் சீட்டுக் குலுக்கிப் பழகிய குடும்பம். பேர் விழுந்ததும், விழாமல் எங்கே போகும் என்றாள் ஜெயம்மா. அங்கே கரும்பு விளைகிற ஒரு கடலோர ஊரில், ஒரு சின்ன கிளப்பில் ஐந்து மாதம் ஆடிவிட்டு வந்திருக்கிறாள். அடுத்த வருடமும் கூப்பிட்டிருக்கிறார்கள். மார்ச் முதல் வாரம் வந்துவிட வேண்டும், இப்போதைக்கு ஆறு வாரம் தோளில் பாரம் ஏற்றக் கூடாது. சொல்லி அனுப்பியது இவ்வளவுதான்.

எண்ணெய் தேய்த்து முடிப்பதற்குள் வசந்தா வந்தாள். நைனாவின் கூட்டாளி துளசிங்கத்தின் பெண்சாதி. உள்ளே வரச் சொன்னதற்கு வாசலிலேயே நின்றாள்.

"வந்து ஆறு நாளாச்சி. எங்க வூட்டுப் பக்கம் எட்டிப் பாக்கல."

"எழுந்துக்க முடியல சித்தி. நாளைக்கு வரலாம்னுதான்..."

"நாளைக்கு அவரு பாடு."

முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இறால் நன்றாக விழும் துறைகள் நாலைந்துதான். எல்லோரும் ஒரே நாளில் வலை கட்ட முடியாது என்பதால், தலைக்கட்டுக்கு ஒரு பேர் வைத்து, ஆறு பேருக்கு ஒரு வலை என்று சேர்த்து, சீட்டுக் குலுக்கி நாளைப் பிரித்துவிடுவார்கள். பன்னிரண்டு நாளுக்கு ஒரு தரம் முறை வரும். அதுதான் பாடு. வீட்டு ஆண் நிற்க முடியாவிட்டால் இன்னொருவன் அவன் பேரில் நிற்கலாம். அதற்குக் கூலி வாங்குவதில்லை. பாட்டுக்குப் பாடு நின்று தீர்க்க வேண்டும். தொடர்ந்து மூன்று முறை ஆள் இல்லாமல் போனால் பேரை அடித்துவிடுவார்கள். அடித்த பேர் திரும்ப ஏறியதாக யாருக்கும் நினைவில்லை.

நந்தினியின் நைனா சுப்பராயலு இறந்து இரண்டு வருடம். அவர் பேரில் உள்ளூர்க்காரன் ஒருவன் நின்றால்தான் அந்தப் பேர் நிற்கும். அவள் ஆஸ்திரேலியாவில் இருந்த ஐந்து மாதமும் நின்றது துளசிங்கம். அவர் பேர் வேறு வலையில், வேறு நாளில். தன் முறைக்கும் நின்று சுப்பராயலு முறைக்கும் நின்றார். பதினொரு பாடு.

"பத்தாவது பாட்டுல கழி புடுங்கச்சொல்ல அடிவயித்துல எறங்கிடிச்சி," என்றாள் வசந்தா. "குடல்னாரு டாக்டரு. அதோட விட்டாரா? பதினோராவது பாட்டுக்கு அடிவயித்தத் துணி வெச்சிக் கட்டிகினு போனாரு. சுப்பராயலு பேரு போவக் கூடாதாம். இப்ப ஆப்பரேசன் ஆயி குந்திகினுகீறாரு. மூணு மாசத்துக்கு ஒண்ணும் தூக்கக் கூடாது. அவரு பாட்டுக்கு ரெண்டு தபா ஆள் இல்ல. நாளைக்கும் இல்லன்னா மூணு."

ஜெயம்மா எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"யாருக்கிட்டயும் கேக்கலயா சித்தி?"

"எவனுக்குக் கீது? எல்லாம் எண்ணூரு பக்கம் காண்ட்ராக்டுக்குப் போயிடறானுங்க. நீ எவனாவது ஒரு ஆம்பளைய இட்டாருவியான்னு கேக்க வந்தேன்."

"நான் வரேன்."

வசந்தா அவள் தோளைப் பார்த்தாள். "நீ நின்னா வலைத் தலைவரு கணக்குல எடுப்பாரா?"

"அது எனக்குத் தெரியாது. வரேன்னு சொல்லு."

வசந்தா போன பிறகு ஜெயம்மா கிண்ணத்தைத் திரும்ப எடுத்தாள். அப்புறம், "அந்தத் தோளும் பூடுச்சின்னா மார்ச்சில எத்த இட்னு போவ?" என்றாள்.

"நிக்காட்டி மட்டும் போயிடுவனா? நான் போனா நம்ம பேர்ல யாரு நிப்பா? நின்னவருக்கு நிக்கலன்னு ஆச்சின்னா இந்த ஊர்ல ஒருத்தன் வர மாட்டான்."

ஜெயம்மா எண்ணெயை இன்னொரு தரம் அழுத்தித் தேய்த்தாள், வலிக்கட்டும் என்கிற மாதிரி.

மறுநாள் மத்தியானம், கடல் தண்ணீர் ஏரிக்குள் ஏறுகிற ஏத்தம் முடிகிற நேரத்துக்குக் கரையில் ஐந்து பேர் படகில் சவுக்குக் கழி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வலைக்குத் தலைவர் பெருமாள், அறுபது வயது, வெற்றிலை வாயை மூடாதவர். நந்தினி அரைக்கால் சட்டையும் பனியனுமாக வந்து நின்றதை எல்லோரும் பார்த்தார்கள். யாரும் கழியைக் கீழே வைக்கவில்லை.

"வேடிக்கை பாக்க வந்தியா?" என்றார் பெருமாள்.

"துளசிங்கம் சித்தப்பா பேர்ல நிக்க வந்தேன்."

"பொம்பள நிக்கற பழக்கம் இங்க இல்லியே."

"எனக்காக அவரு பதினொரு தபா நின்னாரு. நான் நிக்காம வேற யாரு நிப்பா?"

"ஊர்ல கேக்கணும்மா."

"கேளு பெரிப்பா. கேட்டுட்டு வர்ற வரைக்கும் தண்ணி நிக்குமா?"

பெருமாள் திரும்பித் தண்ணீரைப் பார்த்தார். ஏத்தம் நின்று நுரை அசையாமல் கிடந்தது. இன்னும் ஒரு மணி நேரத்தில் தண்ணீர் கடலுக்குத் திரும்பும், வத்தம் பிடித்துவிடும்.

"ஏறு. கணக்குல வருமா வராதான்னு அப்பால பேசிக்கலாம்."

படகில் அவளுக்கு எதிரே பிரசாந்த் உட்கார்ந்தான். பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. அவன் வாய்க்கு வரி கிடையாது.

"ஏ கங்காரு, அங்க பகல்ல இன்னா வேல செஞ்ச?"

"இறால் கொட்டகைல. பொறுக்கிப் பெட்டி கட்றது."

"இறாலா?" அவன் மற்றவர்களைப் பார்த்தான். "இறால் பொறுக்க அவ்ளோ தூரமா? ஜெயம்மா அத்தகிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா இங்கயே ஒரு கூட குடுத்திருப்பா."

"அங்க மேஜ போட்டு நிக்க வெப்பாங்க. குனிய வாணாம்."

"அப்ப குனியறதுக்குத்தான் சாயங்காலம் ஆட்டமா?"

பெருமாளே சிரித்தார். சிரிக்காமல் இருந்தது மூலையில் கயிறு பார்த்துக்கொண்டிருந்த நாகப்பன் மட்டும். அவருக்கு ஊரில் 'வுட்ட நாகப்பன்' என்று பேர். முப்பது வருடத்துக்கு முன் ஒரு நாள் வலை வளைக்கும்போது அடிக்கயிற்றைக் கைவிட்டார். அன்றிலிருந்து அந்தப் பேர். அவர் மகளுக்குக் கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போன இடத்திலும், எந்த நாகப்பன், வுட்ட நாகப்பனா என்றுதான் கேட்டார்கள்.

நந்தினி அந்தப் பேரைக் கேட்டு வளர்ந்தவள். அதனால்தான் ஆறு வருடம் ஆடியும் பிடித்ததை விடாத பழக்கம் போகாமல், ஆஸ்திரேலியாவில் முதல் ஆட்டத்திலேயே மூன்று தரம் விசில் வாங்கினாள். ரக்பியில் பந்தோடு ஓடுகிறவளை மறித்துக் கீழே சாய்த்துவிட்டால், விழுந்தவள் பந்தை உடனே விட வேண்டும். விட்டுவிட்டு உருண்டு விலக வேண்டும். அது சட்டம். நந்தினி விழுந்தாள், விடவில்லை. மூன்று பேர் அவள் மேல் ஏறி விரலைப் பிரித்தார்கள், அப்போதும் விடவில்லை. தோற்றார்கள்.

அந்த அணிக்குப் பயிற்சியாளர் ட்ரேசி. ஆஸ்திரேலியாவுக்குப் பதினெட்டு ஆட்டம் முதல் வரிசையில் ஆடியவள், இப்போது கரும்பு லாரி ஓட்டுகிறாள். அவள் ஆடிய காலத்தில் நாட்டுக்கு ஆடப் போகவும் சொந்தக் காசில் டிக்கெட் எடுக்க வேண்டும். ஒரு தரம் லாரிக்காரனிடம் லீவு கேட்டு, அவன் கொடுக்காமல், வேலையை விட்டுவிட்டுப் போய் ஆடிவிட்டு, திரும்பி வந்து அவனிடமே வேலை கேட்டவள். இரண்டு காதும் சுக்குத் துண்டு மாதிரி சுருண்டிருக்கும். அவள் நந்தினியைத் திட்டவில்லை. வாரம் மூன்று நாள், மற்றவர்கள் போன பிறகு, அவளைத் தள்ளிவிட்டாள். விழு, விடு, உருளு. இருநூறு தரம். விழு, விடு, உருளு. மூன்றாவது மாதத்தில் கை யோசிக்காமல் திறக்கத் தொடங்கியது. கடைசி எட்டு ஆட்டத்தில் அவள் பேரில் ஒரு விசில்கூட இல்லை.

துறையில் தண்ணீர் இடுப்பளவு. கழிகளை வில் மாதிரியான வளைவில் வரிசையாக நட்டார்கள். மற்றவர்கள் இரண்டு கையாலும் கழியைத் தூக்கிக் குத்தி இறக்கியபோது, நந்தினி வலது கையால் பிடித்து நெஞ்சால் அழுத்தி இறக்கினாள். நேரம் பிடித்தது, ஆனால் கழி நின்றது. வலையைக் கட்டி, அடிக்கயிற்றைக் காலால் சேற்றில் மிதித்து அமுக்கினார்கள். துளசிங்கத்தின் இடம் தெற்கு முனை. வத்தம் பிடித்ததும் ஏரிக்குள் மேய்ந்த இறால் கடலைப் பார்த்து இறங்கும். அந்த நேரத்தில் இரண்டு முனையும் அடிக்கயிற்றைச் சேற்றிலிருந்து எழ விடாமல், குனிந்து, அடி அடியாக நடந்து ஒன்றையொன்று தொட வேண்டும். தொட்டால் வளையம் மூடும். அதுவரை கயிறு ஒரு சாண் எழுந்தாலும் இறால் அடியில் போய்விடும்.

தண்ணீர் ஓடத் தொடங்கியது. வலை உப்பியது. "நட," என்றார் பெருமாள்.

நந்தினி குனிந்தாள். முகவாய் தண்ணீரைத் தொட்டது. முதுகு நேராக, இடுப்பு தாழ, பாரம் தொடையில். இந்தக் குனிவு அவளுக்குத் தெரியும். தோள் கத்தியது, கத்தட்டும் என்று விட்டாள். அவளுக்குப் பின்னால் பிரசாந்த் மேல்கயிற்றைப் பிடித்து வந்தான். எதிரே வடக்கு முனையில் நாகப்பன் வந்துகொண்டிருந்தார். இருபது அடி. பதினைந்து. வளையத்துக்குள் இறால் துள்ளித் தொடையில் பொரிகடலை எறிந்த மாதிரி பட்டது.

"நல்லா வருது," என்று பெருமாள் சொன்னது காதில் விழுந்தது. "விடாத, வா, வா."

பத்து அடி இருக்கும்போது, சேற்றில் முறிந்து கிடந்த பழைய கழி ஒன்றில் பிரசாந்தின் கால் இடறியது. அவன் முழுப் பாரத்தோடு பின்னாலிருந்து அவள் இடது தோளில் வந்து விழுந்தான். நந்தினி முகம் குப்புறப் போனாள். முழங்கால் சேற்றைத் தொட்டது.

கை திறந்தது.

அவள் திறக்கவில்லை, அது திறந்தது. அதோடும் நிற்கவில்லை. விழுந்தவள் வழியில் கிடக்கக் கூடாது என்று உடம்பு தண்ணீருக்குள் ஒரு சுற்று உருண்டு விலகியது. சரியாகச் செய்தாள். ட்ரேசி பார்த்திருந்தால் கைதட்டியிருப்பாள்.

எழுந்து கண்ணைத் துடைத்தபோது, நாகப்பன் பாய்ந்து வந்து நெஞ்சாலேயே அடிக்கயிற்றின் மேல் விழுந்து கிடப்பதைப் பார்த்தாள். இரண்டு மூச்சு நேரம்தான் ஆகியிருக்கும். வலையின் உப்பல் இறங்கிவிட்டது. கடல் பக்கத்துத் தண்ணீரில் இறால் போகிற கோடு தெரிந்தது.

பிரசாந்த், பழக்க தோஷத்தில், "இன்னா நந்தினி, விசில் அடிச்சிட்டாங்களா?" என்றான். சொன்ன பிறகு அவன் முகமே மாறியது. "நான்தான் அவ மேல வுழுந்தேன் பெரிப்பா."

"பார்த்தேன்," என்றார் பெருமாள். "கட்டு. கெடைச்சத கட்டு."

நல்ல நாளில் ஐந்து கூடை வரும் துறை. அன்றைக்கு ஒரு கூடை நிறையவில்லை. அடுத்த முறை பன்னிரண்டு நாள் கழித்து.

கரையில் கூடையை நடுவில் வைத்து உட்கார்ந்தார்கள். நந்தினி நின்றாள். இடது கையை வலது கையால் தாங்கிப் பிடித்திருந்தாள்.

பெருமாள் வெற்றிலையைத் துப்பினார். "வுழுறது தப்பில்ல. இவ நைனா வுழுந்திருக்கான், நான் வுழுந்திருக்கேன். வுழுந்தா கயிறோட வுழணும். இவ வுட்டுட்டு நவுந்து வேற போறா. எனக்குப் புரியல."

"அங்க அப்படித்தான் பெரிப்பா ஆடணும். கை பழகிடிச்சி."

"அப்ப இது அங்க நிக்கற கை. இங்க வாணாம். சரி, போனது போச்சி. நீ வூட்டுக்குப் போம்மா. பொம்பளப் புள்ள, உன்னிய இன்னா சொல்றது. துளசிங்கத்துக்கு இன்னிக்கி ஆள் வரலன்னு..."

"இரு பெரிப்பா." நந்தினி குரலை உயர்த்தவில்லை. "கயிற வுட்டவனுக்கு இன்னா தண்டம்?"

பதில் சொன்னது நாகப்பன். "ஒரு பாடு சும்மா நிக்கணும். பங்கு கெடையாது. அன்னிக்கி வர்றது மத்தவங்களுக்கு."

"அத எனக்குப் போடு."

"அது ஆம்பளைக்கு வெச்ச சட்டம்," என்றார் பெருமாள்.

"அப்ப இன்னிக்கி வலை எப்படித் தொறந்திச்சி? நான் நிக்கலன்னா, வுட்டது யாரு? ஆளே இல்லாத எடத்துல கயிறு தானா கைய விட்டிச்சா? உங்க அஞ்சி பேரு பங்கு போச்சி. அதுக்கு யாராவது நிக்கணுமா இல்லியா? நிக்கணும்னா எனக்குத் தண்டம் போடு. தண்டம் போட்டா நான் நின்னேன்னு ஆச்சி. நான் நின்னேன்னா துளசிங்கம் சித்தப்பாக்கு ஆள் வந்திச்சின்னு ஆச்சி. ரெண்டுல ஒண்ணு சொல்லு."

பெருமாள் கூடையைப் பார்த்தார். முக்கால் கூடை. சுற்றி இருந்தவர்களும் அதைத்தான் பார்த்தார்கள்.

"எனக்குப் போட்டீங்க இல்ல?" என்றார் நாகப்பன். "எனக்குக் கல்யாணம் ஆயி ஒரு மாசம். மூணு நாளா காச்சல். யாராவது கேட்டீங்களா? ஒரு பாடு சும்மா நின்னேன். பேரு வேற வெச்சீங்க. முப்பது வருசமா தூக்கினு திரியறேன். இவளுக்கு மட்டும் இன்னா சலுக?"

"பாத்தியா, மாமாவுக்கு ஒரு சோடி கெடச்சிகீது," என்றான் பிரசாந்த். "வுட்ட நாகப்பன், வுட்ட நந்தினி."

"வாய மூடு. இடறினவன் நீ," என்று பெருமாள் அவனை அடக்கினார். கொஞ்ச நேரம் மண்ணைக் கிளறினார். பிறகு எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார்.

"துளசிங்கத்துக்கு ஆள் வந்திச்சி. பேர அடிக்க மாட்டோம். ஆனா கயிற வுட்ட பாடு கடன்ல கழியாது. அவன் உனக்குப் பதினொண்ணு நின்னான்னா, பதினொண்ணும் அப்படியே கீது. இந்தத் தண்டம் தனி. ஒரே நாள்ல கடனையும் தண்டத்தையும் சேத்துத் தீக்க முடியாது. ஒரு நாளுக்கு ஒண்ணுதான். சம்மதமா?"

"சம்மதம்."

"நல்லா யோசிச்சிச் சொல்லு. நாளைக்குத் தோளு வலிக்குது, வெளிநாடு கூப்புடுதுன்னு வரக் கூடாது."

"வர மாட்டேன்."

"கூடைய எடு," என்றார் பெருமாள். அது மற்ற ஆட்களிடம் சொல்வது மாதிரியே இருந்தது. நந்தினி வலது தோளில் எடுத்துக்கொண்டாள்.

துளசிங்கம் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். செய்தி அவளுக்கு முன்பே வந்துவிட்டது.

"எந்தப் பக்கம் வுட்ட?"

"தெக்கு மொன சித்தப்பா. உன் எடம்தான்."

"உருண்டியாமே."

"உருண்டேன்."

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சிரிக்க வெக்காத. தையல் இஸ்க்குது." பிறகு சிரிப்பை நிறுத்தினார். "பதினொண்ணுன்னு எண்ணிகினு கெடக்காத. ரெண்டு நின்னுட்டு போ. உன் நைனா எனக்கு எவ்ளோ நின்னிருக்கான்."

"நைனா நின்னது நைனா கணக்கு."

வசந்தா உள்ளேயிருந்து அதைக் கேட்டுவிட்டு வந்து, ஒரு டம்ளர் டீயை அவள் கையில் வைத்தாள்.

வீட்டுக்கு வந்தபோது போனில் ட்ரேசியின் செய்தி இருந்தது. தோள் எப்படி இருக்கிறது, மார்ச்சுக்கு எண் ஒன்று சட்டையை எடுத்து வைக்கட்டுமா என்று கேட்டிருந்தாள். நந்தினி சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் கழற்றித் தரையில் போட்டு, பன்னிரண்டு பன்னிரண்டாகத் தாண்டி விரலை வைத்துக்கொண்டே போனாள். பன்னிரண்டாவது தாவல் பிப்ரவரி நடுவில் போய் விழுந்தது. எடுத்து வை என்று பதில் அனுப்பினாள். தோளைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அனுப்பிவிட்டுக் கதவில் கட்டியிருந்த கொடிக்கயிற்றை இடது கையால் பிடித்து, முழங்காலில் விழுந்து பார்த்தாள். விரல் திறக்கப் பார்த்தது. மறுபடி எழுந்து மறுபடி விழுந்தாள். ஏழாவது தரம் விரல் மூடியே இருந்தது.

"இன்னாடி செய்யற?" என்றாள் ஜெயம்மா, எண்ணெய்க் கிண்ணத்தோடு.

"கைய மாத்திகினுகீறேன். திரும்பப் போவச்சொல்ல திரும்ப மாத்திக்கலாம்."

ஜெயம்மா பின்னால் உட்கார்ந்து தோளில் எண்ணெய் வைத்தாள். "ஒண்ணு கழிஞ்சிச்சா?"

"கழியல."

"அப்ப எவ்ளோ பாக்கி?"

"துளசிங்கம் சித்தப்பாவுக்குப் பதினொரு பாடு. பெருமாள் வலைக்கு ஒரு பாடு."